எதிர்ப்பாற்றல் குறையாதவருக்குத் தொண்டையில் பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா: நோயை உறுதிசெய்வதும் சிகிச்சையைத் தேர்வதும்

தேன்மொழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 61. புகையிலை, மது என எந்தப் பழக்கமும் அவருக்கு இருந்ததில்லை. சில மாதங்களாக விழுங்கும்போது வலது பக்கத்தில் ஏதோ தடுப்பதுபோல் இருப்பதாகச் சொல்லிவந்தார். பிறகு வலது காதிலும் வலி சேர்ந்துகொண்டது. காதில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வலது டான்சில் மட்டும் பெருத்திருப்பதைக் கண்ட காது மூக்கு தொண்டை மருத்துவர் பயாப்சி எடுத்தார். முதல் ஆய்வகம் அதைச் செல்வேறுபாடு குன்றிய கார்சினோமா (மேற்படலச் செல்களில் தோன்றும், மூலச் செல்லின் தோற்றத்தை இழந்த புற்றுநோய்) என்றது. சிகிச்சை தொடங்குவதற்கு முன் அதே திசுவை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, அது பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா (நிணநீர்ச் செல்களில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோய்) என்று அறிக்கை வந்திருக்கிறது.

இந்த நோயைப் பற்றிப் படித்த இடங்களில் எல்லாம் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கும் வருவது என்றே எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று சோதனை உறுதியாகச் சொல்கிறது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எதையும் அவர் உட்கொண்டதில்லை. அப்படியிருக்க இந்த முடிவு சரியாக இருக்க முடியுமா? இரண்டு அறிக்கைகளில் எதை நம்பிச் சிகிச்சையைத் தொடங்குவது? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இளங்கோ (காது மூக்கு தொண்டை மருத்துவர்)

அம்மா, தந்தையாரின் காதுவலியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலருக்குக் காலதாமதம் ஏற்படுவது அங்கேதான். டான்சில் பகுதியின் உணர்ச்சியைச் சுமக்கும் ஒன்பதாவது மூளை நரம்பின் கிளை நடுக்காதுக்கும் செல்வதால், தொண்டையில் உள்ள புண்ணோ கட்டியோ காதுவலியாக வெளிப்படும். வயது வந்த ஒருவருக்குக் காது இயல்பாக இருந்தும் ஒரு பக்கக் காதுவலி வாரக்கணக்கில் நீடித்தால், அதே பக்கத் தொண்டையை விளக்கு வைத்தும் உள்நோக்கிக் கருவி கொண்டும் பார்க்காமல் அனுப்பக் கூடாது. ஒரு பக்க டான்சில் மட்டும் பெருத்திருப்பதும் அப்படியே. புகை பிடிக்காதவர் என்பதால் ஐயத்தைக் கைவிடுவது தவறு.

தொண்டையில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை செதிள் செல் கார்சினோமாக்களே. அவற்றை அடுத்து வருபவை லிம்போமாக்கள்; அவற்றிலும் டான்சிலில் மிகுதியாகக் காணப்படுவது பரவிய பெரிய பி-செல் லிம்போமா. பிளாஸ்மாபிளாஸ்டிக் வகை இந்த வரிசையில் வெகு கீழே இருக்கிறது. ஆகவே முதல் ஆய்வகம் பொதுவான திசையில் சென்றதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் திசையை உறுதிசெய்யும் சாயச் சோதனைகளைச் செய்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மூச்சுத் திணறலோ, மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற ஒலியோ தோன்றினால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்த வகைக் கட்டிகள் மிக விரைவாக வளரக்கூடியவை.

மாறன் (பொது மருத்துவர்)

எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. அதை மறைக்காமல் வைக்கிறேன். எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ள 61 வயதுடைய ஒருவருக்கு அரிதினும் அரிதான ஒரு நோயைச் சொல்வதைவிட, அந்தத் தொண்டையில் மிகப் பரவலாக வரும் நோயைச் சொல்வதே இயல்பான அணுகுமுறை அல்லவா? பிளாஸ்மாபிளாஸ்டிக் என்று சொல்வதற்குப் பெரும்பாலும் சி.டி.138 என்ற குறியீட்டையே (சாயச் சோதனையில் தெரியும் செல் புரதம்) ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்தக் குறியீடு பிளாஸ்மா செல்களுக்கு மட்டும் உரியதன்று. தொண்டையின் மேற்படலமான செதிள் எபிதீலியத்தின் செல்களிலும் அவற்றிலிருந்து தோன்றும் கார்சினோமாக்களிலும் அது தெரியும். எச்.ஐ.வி. இல்லை என்பதும் சேர்ந்துகொண்டால், இரண்டாவது அறிக்கையை மூன்றாவது ஒருவர் பார்க்கும்வரை நான் ஏற்கத் தயங்குவேன்.

கயல்விழி (நோய்க்கூறு மருத்துவர்)

மாறன் ஐயா சி.டி.138 பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அந்த ஒரு குறியீட்டை மட்டும் வைத்து எழுதப்பட்ட அறிக்கை என்றால் நானும் ஏற்க மாட்டேன். ஆனால் எச்.ஐ.வி. இல்லை என்பதை நோய்க்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த நோயைத் தனி நோயாக முதன்முதலில் விவரித்த கட்டுரை 1997-இல் வெளிவந்தது. டெலெக்லூஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் வாய்க்குழியில் தோன்றிய 16 நோயாளிகளின் கட்டிகளை அதில் தொகுத்தார்கள். அவர்களில் 15 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. எல்லோர் மனத்திலும் பதிந்துபோனது அந்த 15 என்ற எண். ஆனால் முதல் தொகுப்பிலேயே தொற்று இல்லாத ஒருவர் இருந்தார் என்பதை மறந்துவிடுகிறோம். அதன் பின் வந்த ஆண்டுகளில் தொற்று இல்லாதவர்களிடமும், வயது முதிர்ந்த, எதிர்ப்பாற்றல் குறைபாடு எதுவும் கண்டறியப்படாதவர்களிடமும் இந்த நோய் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது. அவர்களிடம் நோய் வாய்க்கு வெளியே தோன்றுவது கூடுதல். எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடயம் காணப்படும் விகிதம் சற்றுக் குறைவு. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்பது நமக்கு ஐயத்தைத் தூண்டும் குறிப்பாக மட்டுமே இருக்கலாம். பெயரை முடிவுசெய்ய வேண்டியது திசு.

அந்தத் திசுவில் நடப்பது இதுதான். பி-செல் ஒன்று எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக முதிரும் வழியில், இடைநிலையில் புற்றுநோயாக மாறிவிடுகிறது. உருவத்தில் அது பெரிய செல்லாக, நடுவில் தடித்த உட்கருமணியுடன் இருக்கும். முதிரும் வழியில் அது பி-செல்லின் அடையாளங்களை உதறிவிடுவதால் சி.டி.20, பேக்ஸ்-5 ஆகியவை பெரும்பாலும் தெரியா. வெள்ளணுக்களின் பொது அடையாளமான சி.டி.45 கூட மங்கலாகவோ இல்லாமலோ போகும். சிக்கல் எழுவது இங்கேதான். வேறுபாடு குன்றிய கட்டி ஒன்றைக் கண்டால் பல ஆய்வகங்கள் முதலில் எபிதீலியச் செல்களின் அடையாளமான சைட்டோகெரட்டின், சி.டி.45, சி.டி.20 ஆகிய மூன்றைத்தான் போடும். பிந்தைய இரண்டும் இல்லை என்றதும், சைட்டோகெரட்டின் தெளிவாக வராத நிலையிலும், கார்சினோமா என்று எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. அதனால் சைட்டோகெரட்டின் வராத, சி.டி.20-உம் வராத தொண்டைக் கட்டி எதுவானாலும், நோயாளியின் எதிர்ப்பாற்றல் எப்படியிருந்தாலும், சி.டி.138, சி.டி.38, எம்.யூ.எம்.1, எதிர்ப்பொருளின் பகுதிகளாகிய இலகு சங்கிலிகளான கப்பா, லாம்டா ஆகியவற்றையும், எப்ஸ்டீன்-பார் வைரஸின் ஆர்.என்.ஏ.-வைத் தேடும் ஈபர் சோதனையையும் போட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயாளிக்கு எச்.ஐ.வி. இல்லை என்ற குறிப்பைப் படித்துவிட்டு இவற்றைப் போடாமல் விடுவதால்தான் இந்த நோய் தவறவிடப்படுகிறது.

தேன்மொழி, உங்கள் இரண்டாவது அறிக்கையில் எந்தெந்தக் குறியீடுகள் எப்படி வந்தன என்று இங்கே எழுத முடியுமா? பெயர், பதிவு எண் எதுவும் வேண்டாம்.

தேன்மொழி

நன்றி அம்மா. அறிக்கையில் உள்ளவாறே தருகிறேன். சைட்டோகெரட்டின் இல்லை, பி40 இல்லை, சி.டி.20 இல்லை, பேக்ஸ்-5 இல்லை, சி.டி.45 மங்கலாக உள்ளது, சி.டி.138, சி.டி.38, எம்.யூ.எம்.1 மூன்றும் உள்ளன, கப்பா மட்டும் உள்ளது, லாம்டா இல்லை, ஆல்க் இல்லை, எச்.எச்.வி.-8 இல்லை, ஈபர் உள்ளது, கே.ஐ.-67 (பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் விகிதம்) 95 விழுக்காடு. முதல் ஆய்வகம் சைட்டோகெரட்டின் 'ஆங்காங்கே மங்கலாக' என்று மட்டும் எழுதியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. சோதனையை இரண்டாவது முறையும் செய்ய வேண்டும் என்று மருத்துவர் கேட்டபோது அப்பா மனம் உடைந்துபோனார். தம் வாழ்க்கையையே சந்தேகிப்பதாக அவருக்குத் தோன்றியது. அந்தச் சோதனை மீண்டும் தேவைதானா?

கயல்விழி

இந்தக் குறியீட்டு வரிசை மிகவும் தெளிவாக இருக்கிறது. பி40-உம் சைட்டோகெரட்டினும் இல்லாதது செதிள் செல் கார்சினோமாவை விலக்குகிறது. கப்பா மட்டும் இருப்பது, இந்தச் செல்கள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து பெருகியவை என்பதையும், இலகு சங்கிலியை உருவாக்கும் மரபினவை என்பதையும் காட்டுகிறது. கார்சினோமா இதைச் செய்யாது. ஆல்க் இல்லாததால், இதே தோற்றத்தில் வரும் ஆல்க் வகைப் பெரிய பி-செல் லிம்போமாவும் விலகுகிறது. எச்.எச்.வி.-8 இல்லாததால் அந்த வைரஸ் சார்ந்த லிம்போமாக்களும் விலகுகின்றன. 'ஆங்காங்கே மங்கலாக' வரும் சைட்டோகெரட்டினை நான் நம்புவதில்லை; பிளாஸ்மா செல் மரபுக் கட்டிகளிலும் சில வேளைகளில் அது தெரிந்திருக்கிறது. செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணுவின் இடமாற்றம் உள்ளதா என்று, ஒளிரும் சாயத்தால் மரபணுவைக் காட்டும் ஃபிஷ் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது காணப்படுகிறது. நோயின் வேகத்தை மதிப்பிட அது உதவும்.

அறிவுடைநம்பி (தொற்றுநோய் மருத்துவர்)

சகோதரி, உங்கள் தந்தையார் மனம் வருந்தியது எனக்குப் புரிகிறது. அவரிடம் இதை இப்படிச் சொல்லுங்கள்: லிம்போமா என்று உறுதியான ஒவ்வொருவருக்கும், அவர் யாராக இருந்தாலும், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகிய மூன்றையும் சோதிப்பது நடைமுறை. ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி அதில் இல்லை. குறிப்பாக ஹெபடைட்டிஸ் பி உடலில் உறங்கிக்கிடந்தால், கீமோதெரபியும் ஸ்டீராய்டும் அதைத் தட்டியெழுப்பிக் கல்லீரலைச் சிதைத்துவிடக்கூடும். முன்பே தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடலாம். எச்.ஐ.வி.-யைப் பொறுத்தவரை, ஆன்டிஜென்னையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனை ஒருமுறை இல்லை என்று சொல்லி, அண்மையில் தொற்றுக்கு வாய்ப்பும் இல்லை என்றால் அதுவே போதுமானது. முதலில் செய்தது எந்த வகைச் சோதனை என்று தெரியாததால் மறுமுறை கேட்டிருக்கலாம். எந்தச் சோதனையானாலும் காரணத்தை விளக்கி, ஒப்புதல் பெற்று, முடிவை நோயாளியிடம் தனியே சொல்வதே முறை; அந்த விளக்கம் முதலிலேயே கிடைத்திருந்தால் அவர் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டார்.

எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ளது என்ற சொற்றொடரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. இல்லை, உறுப்பு மாற்றம் இல்லை என்ற இரண்டோடு நாம் நிறுத்திவிடுகிறோம். மூட்டழற்சிக்காக நீண்ட நாள் மெத்தோட்ரெக்சேட் உட்கொண்டவரா, ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ தொடர்ந்து ஸ்டீராய்டு எடுத்தவரா, இம்யூனோகுளோபுலின் அளவு குறைந்தவரா, முன்பு நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா போன்ற மெதுவான நோய் ஏதேனும் இருந்து அது உருமாறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லை என்றால், எதிர்ப்பாற்றல் குறையவில்லை என்று எழுதலாம்.

அப்போதும் அது முழுமையான பொருளில் உண்மையாகாது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் 1964-இல் கண்டறியப்பட்டது. உலகில் வயது வந்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் பி-செல்களில் அது வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கிறது. அதை அடக்கிவைப்பவை டி-செல்கள். வயது ஏற ஏற டி-செல்களின் கண்காணிப்பு மெல்லத் தளர்கிறது, சி.டி.4 எண்ணிக்கையோ வழக்கமான இரத்தச் சோதனையோ இந்தத் தளர்ச்சியைக் காட்டிக்கொடுப்பதில்லை. உங்கள் தந்தையாரின் கட்டியில் ஈபர் இருப்பதால், இத்தகைய தளர்ச்சிக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று கருதுவது பொருத்தமே. அதை அவர் செய்த எதனோடும் தொடர்புபடுத்த முடியாது. அவருக்கு இந்தச் செய்தியை அழுத்தமாகச் சொல்லுங்கள்.

மாறன்

கப்பா, பி40 விவரங்கள் என் முதல் ஐயத்துக்கு விடையளித்துவிட்டன. மூன்றாவது கருத்துக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். எஞ்சியிருப்பது ஒன்றுதான்: பிளாஸ்மாபிளாஸ்டிக் உருவத்தில் வரும் மல்டிபிள் மைலோமாவிலும் (எலும்பு மஜ்ஜையில் தோன்றும் பிளாஸ்மா செல் புற்றுநோய்) திசுவின் குறியீடுகள் ஏறக்குறைய இவையே. அதை எப்படிப் பிரிப்பீர்கள்?

நிலவன் (குருதியியல் மருத்துவர்)

சரியான கேள்வி. நுண்ணோக்கியின் கீழ் இரண்டையும் பிரிப்பது பல வேளைகளில் இயலாது. நோயாளியின் உடல்தான் பிரித்துக் காட்டும். இரத்தத்தில் எம்-புரதம் (ஒரே மூலத்திலிருந்து பெருகிய பிளாஸ்மா செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்) உள்ளதா என்று, புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் வழியாகப் பார்க்க வேண்டும். கால்சியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எலும்புகளில் அரிப்பு உள்ளதா என்று பெட்-சி.டி. ஸ்கேனில் தேட வேண்டும். எலும்பு மஜ்ஜையையும் சோதிக்க வேண்டும். இவையெல்லாம் இயல்பாக இருந்து, கட்டி தொண்டையிலும் கழுத்து நிணநீர்க் கணுக்களிலும் மட்டும் இருந்து, ஈபரும் இருந்தால் அது லிம்போமாவே. ஈபர் மைலோமாவில் மிக அரிது.

இனிச் சிகிச்சை. சரியான பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் விளங்கும். முதல் அறிக்கையை நம்பியிருந்தால் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் தந்திருப்பார்கள். இந்த நோய்க்கு அது சரியான வழியன்று. வழக்கமான பெரிய பி-செல் லிம்போமா என்று நினைத்திருந்தால் சாப் எனப்படும் நான்கு மருந்துத் தொகுப்போடு ரிட்டுக்சிமேப் கொடுத்திருப்பார்கள். ரிட்டுக்சிமேப் பற்றிக்கொள்வது சி.டி.20-ஐ, இந்தக் கட்டியில் அது இல்லை. சாப் மட்டும் போதாது என்பதே இந்தத் துறையில் பலருடைய அனுபவம். பழைய தொகுப்புகளில் இந்நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் ஏறத்தாழ ஓராண்டாகவே பதிவானது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த எண்களில் முற்றிய நிலையில் வந்தவர்களும், போதிய சிகிச்சை பெறாதவர்களும் கலந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் உள்ள நோய், முழுச் சிகிச்சையையும் தாங்கும் உடல்நிலை, முதல் சுற்றுகளிலேயே கட்டி முற்றிலும் மறைதல் ஆகியவை அமைந்தவர்கள் இதைவிட நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள்.

இப்போது பலர் விரும்புவது ஈபாக் என்ற தொகுப்பு. எட்டோபோசைடு, டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின் ஆகிய மூன்றும் 96 மணி நேரம் நரம்பு வழியாக இடைவிடாமல் சொட்டும்; பிரெட்னிசோலோன் ஐந்து நாள்; ஐந்தாம் நாள் சைக்ளோபாஸ்பமைடு; 21 நாளுக்கு ஒருமுறை இந்தச் சுற்று திரும்பும். விரைந்து பிரியும் செல்களை மருந்து நீண்ட நேரம் சூழ்ந்திருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. பிளாஸ்மா செல் இயல்பு இருப்பதால், மைலோமாவுக்குப் பயன்படும் போர்டெசோமிப்பையும் இதனுடன் சேர்ப்பது வழக்கமாகிவருகிறது. நோய் அரிது என்பதால் பெரிய அளவிலான ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை; சிறு தொகுப்புகளின் முடிவுகளை வைத்தே இதைச் செய்கிறோம். இதை உங்கள் மருத்துவரும் வெளிப்படையாகச் சொல்வார்.

மூளைத் தண்டுவட நீருக்குள் மெத்தோட்ரெக்சேட் செலுத்தித் தடுப்பது பற்றியும் கேளுங்கள். கே.ஐ.-67 95 விழுக்காடு என்பதால், முதல் சுற்றிலேயே ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் அழிந்து யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறக்கூடும். அதற்கான மருந்தும் நீரேற்றமும் முன்கூட்டியே தொடங்கப்பட வேண்டும்.

வேல்முருகன் (பராமரிப்பாளர்)

என் மனைவிக்குத் தொண்டையில் வேறு வகை லிம்போமா வந்து சிகிச்சை முடிந்தது. மருத்துவர்கள் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நோயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் உணவைக் கவனிக்காமல் விட்டுவிடும் குடும்பங்கள் பல. விழுங்க முடியாமல் எடை இறங்கத் தொடங்கினால் முழு அளவு மருந்து கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். உணவியல் வல்லுநரையும் விழுங்கு பயிற்சி அளிப்பவரையும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். தேவைப்பட்டால் மூக்கு வழிக் குழாய் வைப்பதற்கு அஞ்ச வேண்டாம்; அது எடுக்கக்கூடியதுதான். என் மனைவிக்கு மருந்துக்குப் பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். உமிழ்நீர் வற்றியது நெடுநாள் தொல்லையாக இருந்தது. உங்கள் தந்தைக்கும் அது தேவைப்படுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேன்மொழி

உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அப்பாவிடம் அறிவுடைநம்பி ஐயா சொன்னதை அப்படியே படித்துக் காட்டினேன். மறு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். ஸ்கேனில் நோய் வலது டான்சிலிலும் அதே பக்கக் கழுத்துக் கணுக்களிலும் மட்டும் இருக்கிறது, எம்-புரதம் இல்லை, மஜ்ஜையில் நோய் இல்லை. உறவினர் சிலர் 61 வயதில் ஈபாக் தாங்காது, எளிய மருந்தே போதும் என்கிறார்கள். நிலவன் ஐயாவிடம் இதையும், வேல்முருகன் அண்ணன் எழுப்பிய கதிர்வீச்சுக் கேள்வியையும் வைக்கிறேன்.

நிலவன்

இது இரண்டாம் நிலை. முழுமையாகக் குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சையைத் திட்டமிட வேண்டிய நிலை. 61 என்ற எண்ணை மட்டும் வைத்து மருந்தைக் குறைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எக்கோ சோதனையில் இதயம் சரியாக இயங்குகிறதா, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி உள்ளன, நோய்க்கு முன் அவர் தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டிருந்தாரா என்பவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும். ஈபாக்கிலேயே ஒவ்வொரு சுற்றின் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த சுற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் முறை இருக்கிறது. முதியவர்களுக்கு அது ஏற்றது. சில சுற்றுகளுக்குப் பின் மறு ஸ்கேன் எடுப்பார்கள்.

ஓரிடத்தில் நிற்கும் நோய்க்குக் கீமோதெரபியின் இறுதியில் கதிர்வீச்சைச் சேர்ப்பது பலர் பின்பற்றும் வழி. உங்கள் தந்தைக்கு அது பெரும்பாலும் பேச்சுக்கு வரும். அதனால் பல் மருத்துவரை இப்போதே பாருங்கள். கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதல் சுற்றுக்கு முன்பே, சிகிச்சை தாமதமாகாதபடி, அதை முடித்துவிட வேண்டும்.

கயல்விழி

ஒன்றே ஒன்று. முதல் ஆய்வகத்தில் இருக்கும் பாரஃபின் கட்டையையும் (பயாப்சித் திசுவை மெழுகில் பதித்துவைத்தது) கேட்டு வாங்கி, சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் ஒப்படைத்துவிடுங்கள். மிக் சோதனைக்குத் திசு போதவில்லை என்றால் மீண்டும் பயாப்சி எடுக்காமல் அதிலிருந்தே செய்யலாம். பின்னாளில் சி.டி.30 போன்ற வேறு குறியீடுகளைப் பார்க்க வேண்டிவந்தாலும் அந்தக் கட்டை பயன்படும்.